காலில் பிளேட் வைத்த பிளஸ் டூ மாணவி: வகுப்புப் பிள்ளைகள் எப்படி உதவலாம்?

கடலோர_டீச்சர்:

வணக்கம். மண்டபம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ அறிவியல் பிரிவுக்கு வகுப்பாசிரியை நான். வகுப்பு மாணவி ஒருத்திக்குச் சாலை விபத்தில் இடது காலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. ராமநாதபுரத்தில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்திருக்கிறார்கள். இன்றோடு 9 நாள். வீட்டுக்கு வந்துவிட்டாள். அரை மாவுக்கட்டு இருக்கிறது. 6 வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோல் ஒரு ஜோடி கொடுத்திருக்கிறார்கள்.

வீடு கடற்கரைக் குடியிருப்பில். தார் ரோட்டிலிருந்து மணலில் 150 மீட்டர் உள்ளே போக வேண்டும். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், அம்மா பாசி எடுக்கப் போகிறவர். பகலில் வீட்டில் அப்பத்தா மட்டும்தான்.

வகுப்பில் மற்ற 40 பிள்ளைகளும் ஏதாவது செய்யத் துடிக்கிறார்கள். போன ஞாயிறு 23 பேர் ஒரே நேரத்தில் போய் நின்றிருக்கிறார்கள். 4,300 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வகுப்பறை முதல் மாடியில். "நாற்காலியோட தூக்கிட்டு வந்துர்றோம் டீச்சர்" என்கிறார்கள் பையன்கள். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. பிப்ரவரியில் செய்முறை, மார்ச்சில் பொதுத் தேர்வு.

எப்போது பள்ளிக்கு வரலாம், பிள்ளைகளை எந்த வேலைக்குப் பயன்படுத்துவது, எதைச் செய்யவிடக் கூடாது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தசைநார்:

டீச்சர், முதலில் அந்தத் தூக்குகிற யோசனையை நிறுத்துங்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் கால் படியில் இடித்தாலோ, நான்கு பேரில் ஒருவன் தடுமாறினாலோ, பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ள முதலில் நீட்டுவது உடைந்த காலைத்தான். பிளேட் எலும்பைப் பிடித்து வைத்திருக்கும் அவ்வளவுதான். உடம்பின் பாரத்தை அது இப்போது தாங்காது. திருகு தளர்ந்தால் மறுபடி ஆபரேஷன். 40 பேர் மேலே ஏறுவதற்குப் பதில் 40 பேரும் கீழே இறங்கலாமே. தலைமையாசிரியரிடம் பேசி வகுப்பையே தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். வகுப்பு மொத்தமும் செய்யக்கூடிய பெரிய உதவி இதுதான், செலவும் இல்லை.

பள்ளிக்கு எப்போது என்றால், தையல் பிரித்த பிறகு. பொதுவாக 12 முதல் 14 நாளில் பிரிப்பார்கள். அதன் பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, காலை எதிரே உயர்த்தி வைத்து, 2 மணி நேரம் படிக்கட்டும். பாதம் வீங்காமல், விரல் கருக்காமல் இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு அரை நாள் வகுப்புக்கு வரலாம். முதல் நாளே முழு நேரம் வேண்டாம்.

ஊன்றுகோல் அளவைத் தோழிகள் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். பிள்ளை நிமிர்ந்து நிற்கும்போது கட்டையின் மேல்பட்டைக்கும் கக்கத்துக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அடிமுனை பாதத்துக்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் முன்னால். கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை லேசாக மடங்கி இருக்கணும். பாரம் உள்ளங்கையில். கக்கத்தில் தொங்கிக்கொண்டு நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, கை மரத்து, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் போகும். பக்கத்தில் வருபவள் பார்க்க வேண்டியது இது ஒன்றைத்தான்: தோள் காதுவரை ஏறியிருந்தால் பிள்ளை தொங்குகிறாள் என்று அர்த்தம், நிறுத்தி ஓய்வு கொடுக்கணும்.

கூட நடப்பவர் அவள் கையைப் பிடிக்கவே கூடாது. கையைப் பிடித்தால் கட்டை நழுவும். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி, பின்பக்கம் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு, நோவுக் கால் பக்கமாக அரை அடி பின்னால் வரட்டும். அவள் விழாதவரை இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம். நடப்பது அவள்தான்.

வகுப்பு கீழே வந்தாலும் வாசலில் இரண்டு படி இருக்கும். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு கட்டையும் நோவுக் காலும். இறங்கும்போது கட்டையும் நோவுக் காலும் முன்னால் போக, நல்ல கால் பின்னால். துணைக்கு நிற்பவர் எப்போதும் கீழ்ப்படியில்: ஏறும்போது அவளுக்குப் பின்னால், இறங்கும்போது முன்னால்.

இனி உங்கள் ஊர் மணல். ரப்பர் புஷ் வைத்த கட்டை மணலில் இறங்கும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்காது. ஒரு பக்கம் சாய்ந்ததும் தன்னையறியாமல் அந்தக் காலை ஊன்றிவிடுவாள். அந்த 150 மீட்டர்தான் ஆபத்து, பள்ளிக்கூடம் இல்லை. பையன்களுக்கு வேலை வேண்டும் என்றால் இதைக் கொடுங்கள். மூன்றடி அகலத்துக்குக் கிராவல் மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் அடித்துப் பாதை போடட்டும். மழைக்காலம் என்பதால் நடுவில் லேசாக மேடு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் தேங்கி வழுக்கும். பழைய கதவோ படகுப் பலகையோ போட்டால் போதும் என்பார்கள். பாசி பிடித்துவிட்டால் மணலைவிட அதுதான் மோசம். வழியில் காயப்போட்ட வலை, நங்கூரக் கயிறு எதுவும் குறுக்கே கிடக்கக் கூடாது, பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சக்கர நாற்காலி கிடைத்தால் மணலில் முன்னோக்கித் தள்ளாதீர்கள். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரம் புதைந்து பிள்ளை முகம் குப்புற விழுவாள். திருப்பி, பெரிய சக்கரம் முதலில் போகும்படி பின்னோக்கி இழுக்கணும்.

பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் காலை நீட்டிக்கொண்டு வருவது வேண்டவே வேண்டாம். ஆட்டோவின் பின்சீட் முழுவதும் அவளுக்கே. குறுக்காக உட்கார்ந்து காலைச் சீட்டின் மேல் வைக்கணும்.

---

வார்டு_அக்கா:

மேலே சொன்னது எல்லாம் சரி. யாரும் வாயெடுத்துக் கேட்காத ஒன்றை நான் சொல்கிறேன். கழிப்பறை.

ஒரு காலை ஊன்றாமல் நம்ம ஊர்க் கழிப்பறையில் குத்தவைக்க முடியாது. பொம்பளைப் பிள்ளை இதை டீச்சரிடமும் சொல்லாது. என்ன செய்யும்? தண்ணி குடிப்பதைக் குறைக்கும். இரண்டாவது வாரத்தில் மலச்சிக்கல், நீர்க்கடுப்பு. சில வலி மாத்திரைகளே மலத்தை இறுக்கும், அதோடு இதுவும் சேர்ந்துகொள்ளும். அந்த 4,300 ரூபாயில் முதல் செலவு, நடுவில் ஓட்டை வைத்த கமோடு ஸ்டூல். அப்படியே பேசின் மேல் தூக்கி வைக்கலாம். வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. நாலு காலிலும் ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஈரத்தரையில் ரப்பர் இல்லாத ஸ்டூல் சறுக்கும்.

கூடப் போவதற்கு இரண்டு தோழிகள் போதும், அவளே தேர்ந்தெடுத்த இரண்டு பேர். நோட்டு எழுதுவதற்கு 40 பேரும் மாறி மாறி வரலாம், ஆனால் உடம்பைத் தொடுகிற உதவிக்கு ஆள் மாறக் கூடாது. மாதவிலக்கு நாட்களுக்கு மாற்றுத்துணி, நாப்கின், பழைய பேப்பர் எல்லாம் ஒரு பையில் எப்போதும் அந்தத் தோழியிடம் இருக்கட்டும். சுடிதார் கால் மாவுக்கட்டு மேல் ஏறாது. இடது கால் பக்கத் தையலை முழங்காலுக்கு மேல் வரை பிரித்து நாடா வைத்துத் தைத்தால் சரியாகிவிடும். துப்பட்டாவைக் குறுக்கே போட்டு இடுப்பில் ஊக்குக் குத்தணும், தொங்கினால் கட்டையில் சுற்றும்.

பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பேர், 20 நிமிஷம், சாயங்காலம். சளி இருமல் இருந்தால் போக வேண்டாம். கை கழுவிவிட்டு உட்காரணும். கட்டிலில் உட்காரக் கூடாது, மெத்தை ஆடினால் கால் ஆடும்.

கால் வைக்கிற விதத்தை எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். தலையணை கெண்டைக்கால் நெடுக இருக்கணும், குதிகால் அந்தரத்தில் நிற்கணும். குதிகால் அழுந்திக்கொண்டே இருந்தால் புண் வரும். பாசமாக முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணை சொருகுவார்கள். அப்படியே நாள் கணக்கில் இருந்தால் முட்டி மடங்கினபடியே இறுகிப்போகும்.

அன்பாக வரும் ஆபத்துகள் சில:

எண்ணெய் போட்டு நீவிவிடுவது, நாட்டுக் கட்டுக்குக் கூட்டிப் போவது. உள்ளே பிளேட், வெளியே தையல் இருக்கும் காலில் இரண்டும் கூடாது. கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நிற்கும்.

"உப்புத்தண்ணியில கழுவுனா புண்ணு ஆறிடும்" என்று கரையில் எல்லாருமே சொல்வார்கள். கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற கிருமி உண்டு, திறந்த புண்ணுக்குள் போனால் வேகமாகப் பரவும். புண் முழுசாக மூடும்வரை அலையில் கால் நனைப்பதே வேண்டாம்.

மெடிக்கலில் வாங்கித் தரும் வலி மாத்திரை. டாக்டர் எழுதிய சீட்டில் டைக்ளோஃபினாக் இருக்கும், நீங்கள் வாங்கியதிலும் வேறு பெயரில் அதுவே இருக்கும். பாராசிட்டமாலும் அப்படித்தான், கூட்டு மாத்திரைகளில் ஒளிந்திருக்கும். தெரியாமலே இரட்டை அளவு உள்ளே போகும்.

உடனே ஆஸ்பத்திரி என்றால் இவை: விரல் வெளுத்து ஜில்லென்று ஆவது அல்லது மரத்துப்போவது, மாத்திரை போட்டும் அடங்காமல் ஏறிக்கொண்டே போகிற வலி, விரலை நீட்டினால் உயிர் போவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மாவுக்கட்டில் நாற்றமோ ஈரமோ, கெண்டைக்கால் திடீரென வீங்குவது. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் 108. அப்பத்தாவுக்கு எழுதிக் கொடுத்துப் பயனில்லை என்றால் பக்கத்து வீட்டில் போன் வைத்திருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்லி வையுங்கள்.

---

ஆட்டுக்கால்_ரசிகர்:

இவ்வளவு எதுக்கு? ஆறு வாரம் தினமும் ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் எலும்பு தானாகச் சேரும். மீனை மட்டும் நிறுத்துங்கள், சீழ் வைக்கும். அப்புறம், பரிவு காட்டினால் எலும்பு ஒட்டுமா? அதெல்லாம் மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான்.

---

வார்டு_அக்கா:

அண்ணே, சூப் குடிக்கட்டும், மிளகு போட்டால் வாய்க்கு நல்லாயிருக்கும். ஆனால் ஒரு டம்ளர் சூப்பில் புரதமும் கால்சியமும் கொஞ்சம்தான் இறங்கியிருக்கும். முட்டைக்கும் மீனுக்கும் அது ஈடாகாது. மீன் கெட்டுப்போகாமல் இருந்தால் சீழ் வைக்காது. சீழ் வைப்பது கிருமி.

கணக்கு இது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 45 கிலோ பிள்ளைக்கு நாளைக்கு 54 முதல் 68 கிராம். இரண்டு முட்டையில் 12, 150 கிராம் மீனில் ஏறக்குறைய 28, 400 மில்லி பாலில் 13, ஒரு கப் சுண்டலில் 12க்கு மேல். ஆக, கரையோர வீட்டில் கையில் இருப்பதே போதும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் கால்சியமும் கிடைக்கும். சத்துமாவு பாட்டில்களில் பாதிக்குமேல் சர்க்கரையும் மாவும்தான். பிள்ளைகள் இனி பாட்டில் வாங்க வேண்டாம், முட்டை வாங்கிக் கொடுக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் சேர்த்துப் போடக் கூடாது, 2 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயும் அப்படித்தான்.

பரிவு பற்றிக் கேட்டீர்கள். 1998இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு வாயின் மேலண்ணத்தில் ஒரே அளவில் சின்னப் புண் செய்து, விடுமுறையில் ஒரு தடவை, பரீட்சைக்கு 3 நாள் முன்பு ஒரு தடவை, ஆறுவதற்கு எத்தனை நாள் என்று பார்த்தார்கள். பரீட்சை நேரத்துப் புண் ஆறுவதற்குச் சராசரியாக 40 சதவீதம் அதிக நாள் எடுத்தது. 11 பேர் மட்டும்தான், அதுவும் சதைப் புண்ணே தவிர எலும்பு இல்லை. ஆனால் இந்தப் பிள்ளைக்கும் தையல் போட்ட புண் இருக்கிறது, அரையாண்டும் வருகிறது. பதற்றத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறினால், புண்ணைச் சுத்தம் செய்ய வர வேண்டிய செல்கள் மந்தமாகும். "பாடம் எங்கேயும் போகாது, நோட்டு தினமும் வரும்" என்ற உறுதி கிடைத்துவிட்டால் அந்தப் பதற்றத்தில் பாதி குறையும். ஆறுதல் என்று தள்ளிவிடாதீர்கள், அதுவும் மருந்துதான்.

இன்னொன்று, யாராவது பக்கத்தில் நின்று பேசும்போது பீடி, சிகரெட் வேண்டாம். நிகோட்டின் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

---

பாக்_நீரிணை:

முறை வைப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 40 பேர், நாளைக்கு இரண்டு பேர் என்றால் 20 பள்ளி நாட்கள். ஆறு வாரத்தில் மீதியிருப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியானால் ஒருவருக்கு ஒரு நாள் மட்டும். அது யாருக்கும் பாரமில்லை, கடைசி வாரம்வரை ஆளும் இருக்கும். எல்லா ஊரிலும் நடப்பது என்ன? முதல் வாரம் ஜாத்திரை மாதிரி கூட்டம், மூன்றாவது வாரம் ஈ காக்கா கிடையாது. வலி குறைந்து, தூக்கம் கெட்டு, பிள்ளை முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பது அந்த மூன்றாவது வாரத்தில்தான்.

படகு நாளையும் பாருங்கள். இந்தப் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். அந்த ராத்திரிகளில் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். அம்மா பாசிக்குப் போவது நீர் வற்றும் நேரத்தைப் பொறுத்து, நாளுக்கு நாள் மாறும். அம்மாவிடம் வாராவாரம் கேட்டு, இரண்டு பேரும் இல்லாத நேரத்துக்குத் தெருவில் ஒரு பெரியம்மாவை ஒப்புக்கொள்ள வையுங்கள். மதியம் 12 மணிக்கு மாத்திரை, சோறு, கழிப்பறை. அந்த ஒரு மணி நேரத்துக்குப் பெரிய ஆள் வேண்டும், பிள்ளைகளால் ஆகாது.

பணத்தைப் பிரேயரில் அறிவித்துக் கையில் கொடுத்துப் போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அவள் கட்டுப்போட்ட கால் வரவே கூடாது. பொருளாக வாங்கி அம்மாவிடம் கொடுங்கள், மீதியை மறுபரிசோதனைக்குப் போகும் ஆட்டோ செலவுக்கு வையுங்கள்.

---

பியூரெட்:

வேதியியல் ஆசிரியர் பக்கத்திலிருந்து. எழுத்துத் தேர்வு 70 போக மீதி 30 செய்முறையும் அகமதிப்பீடும். செய்முறை வகுப்பு விட்டுப்போனால் தேர்வு நெருக்கத்தில் ஈடுகட்டுவது கஷ்டம். ஆய்வகத்தில் உயர ஸ்டூல் போட்டு உட்காரவையுங்கள். தாங்கியில் பியூரெட்டை (அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாய்) கீழே இறக்கி, அளவுக்கோடு அவள் கண் மட்டத்துக்கு வரும்படி பொருத்துங்கள். இல்லாவிட்டால் அளவை எல்லாம் ஒரே பக்கமாகத் தப்பும். அமிலப் பாட்டிலை எடுத்து வருவது, குடுவையைக் கழுவுவது கூட்டாளியின் வேலை. கட்டையோடு நடக்கிறவள் கையில் கண்ணாடி எதுவும் இருக்கக் கூடாது. ஊற்றுவது, சொட்டை எண்ணுவது, நிறம் மாறுவதைப் பார்ப்பது, எழுதுவது எல்லாம் அவள்தான். "பாவம்" என்று கூட்டாளியே செய்துகொடுத்தால் பிப்ரவரியில் தவிப்பாள்.

நோட்டுக்கு: 6 பாடத்தையும் போட்டோ எடுத்துக் குழுவில் கொட்டினால் அவள் பார்க்க மாட்டாள், 80 படம் சேர்ந்ததும் பயம்தான் வரும். அன்றைய இரண்டு பேர் போய், இன்று நடந்தது என்ன, எந்தக் கணக்கு முக்கியம், எதைப் படிக்காமல் விடலாம் என்ற மூன்றை மட்டும் வாயால் சொல்லட்டும். அவள் ஒரு கணக்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். வாங்கிக்கொண்டே இருப்பது யாருக்கும் கூசும்.

பொதுத் தேர்வுக்கு முன்பே தலைமையாசிரியர் வழியாக மருத்துவச் சான்றை இணைத்து, தரைத்தள அறையும் கால் வைக்க இன்னொரு பெஞ்சும் கேட்டு எழுதி வையுங்கள். மார்ச்சில் தேவைப்படாமல் போகலாம், கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

---

கடலோர_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. வகுப்பைக் கீழே மாற்ற ஒப்புக்கொண்டார்கள். கழிப்பறை விஷயம் என் மனசில் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். வகுப்பில் காலை எப்படி வைப்பது? வீட்டுக்கே வந்து உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்க ஆள் உண்டா?

---

தசைநார்:

எதிரே இன்னொரு பெஞ்ச், அதன் மேல் இரண்டு புத்தகப் பை, கெண்டைக்கால் பையின் மேல், குதிகால் வெளியே. வரிசையின் ஓரத்தில், நடைபாதைக்கு எதிர்ப்பக்கமாகக் கால் இருக்கணும், இல்லாவிட்டால் போகிற வருகிற பிள்ளை இடிக்கும். ஒவ்வொரு பாடவேளை மணிக்கும் கால் விரல்களை 20 தடவை மடக்கி நீட்டட்டும். முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்தித் தொடையை 5 விநாடி இறுக்கி விடுவது 10 தடவை, டாக்டர் அனுமதித்திருந்தால். பக்கத்தில் இருப்பவள் சேர்ந்து எண்ணினால் மறக்காது.

வீட்டுக்கு வர, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. 2021இல் தொடங்கியது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.

ஊன்றுகோலை வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கணும். உப்புக் காற்றில் திருகு துருப்பிடித்து, உயரம் மாற்றும் பொத்தான் மணலில் இறுகிவிடும்.

---

கடலோர_டீச்சர்:

ரப்பர் புஷ் ஒன்று இப்போதே ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறது. எந்த அளவு வாங்குவது?

---

தசைநார்:

பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப் போங்கள். 19, 22, 25 மில்லிமீட்டர் என்று வரும். ஒரு அளவு பெரிதாக இருந்தாலும் மணலில் கழன்று அங்கேயே தங்கிவிடும். நான்காக வாங்கி இரண்டைப் பள்ளியில் வையுங்கள். இரண்டு கட்டைக்கும் ஒரே நாளில் மாற்றுங்கள், ஒன்று புதிதும் ஒன்று தேய்ந்ததுமாக இருந்தால் உயரம் சமமாக இருக்காது.